அழிக்கவா என்று கேட்ட கதை

தொடக்கக் கால யூனிக்ஸ் கேள்வி கேட்காது. 1971-இல் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட முதல் கையேட்டிலேயே கோப்பை நீக்கும் ‘ஆர்எம்’ கட்டளை இருக்கிறது. பெயரைத் தட்டி என்டரை அமுக்கினால் போச்சு. முடிந்தது என்றுகூடச் சொல்லாது. கட்டளையிடுபவருக்குத் தான் செய்வது தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதிய நிரல் அது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பில், ஆர்எம்முடன் ‘ஐ’ சேர்த்துத் தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ‘அழிக்கவா?’ என்று கேட்கும். ‘ஒய்’ என்றால்தான் அழிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூறு கோப்புக்கு நூறு கேள்வி வந்தால் யார் படிப்பது? விரல் தானாக ஒய், ஒய் என்று தட்டிக்கொண்டே போகும். அதுவும் சலித்தவர்களுக்கு, கேள்வியையே நிறுத்தும் ‘எஃப்’ இருக்கிறது.

1998-இல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான இடத்தில் ஆர்எம் ஓடிப் படத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. காப்புப் பிரதியும் பழுது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு மாதிரி. காலியாக்க நினைத்தது ஒரு சர்வரை, காலியானது இன்னொன்று. சுமார் 300 ஜிபி தரவு போயிற்று. அந்தப் பொறியாளரிடம் ‘அழிக்கவா?’ என்று கேட்டிருந்தாலும் ‘ஆமா’ என்றுதான் சொல்லியிருப்பார். அழிப்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, இடம்தான் மாறிவிட்டது.

இதற்கு மருந்து ‘மாலி-கார்டு’ என்ற டெபியன் நிரலில் இருக்கிறது. ஒரு நிரலாளரின் சின்ன மகள் மாலி, ஐபிஎம் கணினியின் சிவப்புப் பொத்தானை ஒரே நாளில் இருமுறை அமுக்கிவிட, அதற்கு மூடி போட்டார்களாம். பெயர் அங்கிருந்து வந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினியை நிறுத்தச் சொன்னால் இந்த நிரல் ‘சரியா?’ என்று கேட்காது. அந்தக் கணினியின் பெயரைத் தட்டச் சொல்லும். பெயர் தப்பினால் நிறுத்தாது.

ஆலைகளில் இது பழைய பாடம். மணலி புதுநகரிலிருந்து ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குப் ‘பெர்மிட்’ தெரியும். எந்த லைன், எந்த வால்வு என்று எண்ணோடு எழுதி, பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பானரை எடுக்கலாம். ‘திறக்கலாமா?’ என்று கேட்டால் தலையாட்டிவிடலாம். ‘எதை?’ என்று கேட்டால் போய்ப் பார்த்துத்தான் ஆகணும்.