வாடகை உதவியும் மோசடித் தடுப்பும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

வறியோருக்கு அரசாங்கம் உதவி வழங்க முற்படும்போதெல்லாம் அவ்வுதவியைப் பொய் சொல்லிப் பெறுவோர் பற்றிய அச்சமும் உடன் தோன்றிவிடுகின்றது. வாடகை உதவி இதற்கு விலக்கன்று. வருமானத்தை மறைத்து உதவி பெறும் குடியிருப்பாளரே இவ்வச்சத்தில் முதலில் எழும் உருவம். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வாடகை உதவித் திட்டங்களது வரலாற்றை நோக்குமிடத்து, மோசடி எவ்வாயிலால் நுழைந்தது, காவல் எவ்வாயிலில் நிறுத்தப்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் எப்பொழுதும் ஒரே விடை கிடைப்பதில்லை.

1937 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்க நிதியைக் கொண்டு உள்ளூர் வீடமைப்பு அதிகாரசபைகள் தாமே வீடுகளைக் கட்டி, வறியோருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தன. 1965 இல் வீடமைப்பு நகர அபிவிருத்தித் திணைக்களம் நிறுவப்பட்டது. 1974 ஓகஸ்ட் 22 ஆம் திகதி ஜனாதிபதி போர்ட் ஒப்பமிட்ட சட்டமே பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியது. அச்சட்டத்தின் ‘எட்டாம் பிரிவு’ என்று வழங்கும் ஏற்பாட்டின்படி, தனியார் வீட்டில் வாழும் வறிய குடும்பம் தன் வருமானத்தின் ஒரு பங்கை மாத்திரம் வாடகையாகச் செலுத்த, எஞ்சிய தொகையை அரசாங்கம் வீட்டுச் சொந்தக்காரருக்கு நேரே கொடுக்கும். குடும்பத்தின் பங்கு முதலில் நூற்றுக்கு 25 ஆக இருந்தது. 1981 இல் அது நூற்றுக்கு 30 ஆக உயர்த்தப்பட்டது.

இவ்வேற்பாட்டிற் சம்பந்தப்படுவோர் மூவர்: குடியிருப்பாளர், சொந்தக்காரர், அதிகாரசபை. மூவரிடத்தும் மோசடிக்கு இடமுண்டு. குடியிருப்பாளர் வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம். தம்முடன் வாழும் உழைப்பாளி ஒருவரைக் கணக்கிற் சேர்க்காது விடலாம். சொந்தக்காரர் அனுமதிக்கப்பட்ட வாடகைக்கு மேலாக இரகசியமாய்ப் பணம் கேட்கலாம். இவ்விரண்டாம் வகை மோசடியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வீட்டை இழக்கும் அச்சத்தினால், ஏமாற்றப்பட்ட குடியிருப்பாளரே அதனை மறைக்க நேரிடுகின்றது. உறவினரிடம் வாடகைக்கு இருப்பதாகக் காட்டி உதவி பெறும் வழக்கமும் இருந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் முதலியோரின் வீட்டுக்கு இவ்வுதவியை வழங்கலாகாது என்னும் விதி 1998 இலேயே நடைமுறைக்கு வந்தது. உடற்குறையுடையோருக்கு மாத்திரம் அதில் விலக்களிக்கப்பட்டது.

மூன்றாம் தரப்பினர், அதாவது பணத்தைப் பங்கிடும் அதிகாரமுடையோர், செய்யக்கூடியது யாது என்பதை 1980 களின் நிகழ்ச்சிகள் காட்டின.

1978 இல் எட்டாம் பிரிவின் கீழ் ‘மிதமான புனரமைப்பு’த் திட்டம் தொடங்கப்பட்டது. பழைய கட்டடமொன்றைத் திருத்தியமைக்கும் சொந்தக்காரருக்கு, அதில் வாழும் வறிய குடும்பங்களின் பொருட்டு 15 ஆண்டுகளுக்கு வாடகை உதவி உறுதிசெய்யப்பட்டது. பதினைந்து ஆண்டு வருமானத்தை அரசாங்கமே பொறுப்பேற்பது எந்த முதலீட்டாளருக்கும் பெரும் பேறாகும். 1986 இன் வரிச் சட்டம் வறியோருக்கான வீடமைப்புக்கு வரிச்சலுகையும் அளித்தபோது அப்பேறு இரட்டித்தது. ஆரம்பத்தில் இத்திட்டத்தின் வீடுகள், ஒவ்வொரு பிரதேசத்தின் தேவையையும் அளவிடும் சூத்திரமொன்றின்படி நாடெங்கும் பங்கிடப்பட்டன. 1984 இல் கொங்கிரஸ் இத்திட்டத்தை அச்சூத்திரத்திலிருந்து விடுவித்தது. அதன்பின் எந்த நகருக்கு எத்தனை வீடுகள் என்பதை வாஷிங்டனில் ஒரு சிலர் தீர்மானிக்கலாயினர்.

அக்காலத்தில் றேகன் நிர்வாகம் வீடமைப்பு உதவிக்கான ஒதுக்கீடுகளைப் பெரிதும் வெட்டியிருந்தமை ஈண்டு கருதற்பாலது. பண்டம் அருகியபோது அதனைப் பங்கிடுவோரின் கை ஓங்கியது. விண்ணப்பங்களை மதிப்பிடும் முறையோ, தெரிவுக்கான காரணங்களை எழுதிவைக்கும் ஒழுங்கோ பெரும்பாலும் இருக்கவில்லை. சட்டப்படி வீடுகள் உள்ளூர் அதிகாரசபைகளுக்கே வழங்கப்பட்டன. எனினும், எந்தக் கட்டட முதலீட்டாளருக்கு அவை போய்ச்சேரும் என்பது பல இடங்களில் முன்னரே முடிவாகியிருந்தது. ஆகவே முதலீட்டாளர்கள் வீடமைப்பு அறிந்தவரைத் தேடவில்லை. திணைக்களத்தின் உயர்மட்டத்தை அறிந்தவரையே தேடினர்.

1989 ஏப்பிரலில் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகரது கணக்காய்வறிக்கை வெளிவந்ததைத் தொடர்ந்து, பிரதிநிதிகள் சபையில் டொம் லன்ரோஸ் தலைமையிலான உபகுழு விசாரணை நடத்தியது. றேகனின் முன்னாள் உள்நாட்டு வளங்களுக்கான செயலாளரான ஜேம்ஸ் வொட், மேரிலாந்து மாநிலத்தின் திட்டமொன்றுக்காக ஒரு சில தொலைபேசி அழைப்புகளும் ஒரு சந்திப்பும் மேற்கொண்டு சுமார் 300,000 டொலர் பெற்றமை அங்கு வெளிப்பட்டது. அரசாங்கச் செலவினத்தைக் கடுமையாகக் கண்டித்துப் பெயர்பெற்றவர் அவர். வறியோரின் வாடகைக்கென ஒதுக்கிய பணம் இத்தகையோர் கைக்கும் சென்றதே அவ்விசாரணையிற் பலரையும் திடுக்கிடச் செய்தது. எட்டாண்டு காலம் திணைக்களத்தின் செயலாளராயிருந்த சாமுவேல் பியேர்ஸ், அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் அளிக்கும் உரிமையைக் காட்டி உபகுழுவின் வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தார்.

1990 இல் நியமிக்கப்பட்ட சுயாதீன வழக்குத்தொடுநர் ஆர்லின் அடம்ஸ் தொடங்கிய விசாரணை 1998 வரை நீடித்தது. 17 பேர் குற்றவாளிகளாயினர். பியேர்ஸின் நிர்வாக உதவியாளராயிருந்த டெபரா கோர் டீன் 1993 இல் 12 குற்றச்சாட்டுகளிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். மேன்முறையீட்டில் அவற்றுட் சில தள்ளப்பட்டன. வொட்டின் மீது 25 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 1996 இல் அவர் சிறுகுற்றமொன்றை மாத்திரம் ஏற்றுக்கொண்டு, 5,000 டொலர் தண்டமும் சமூக சேவையும் விதிக்கப்பெற்று வெளியேறினார். பெற்ற கட்டணத்தையும் செலுத்திய தண்டத்தையும் வாசகரே ஒப்புநோக்கலாம். பியேர்ஸ் மீது வழக்குத் தொடரப்படவில்லை. தம் நடத்தை முறைகேடுகளுக்கு இடமளித்த சூழலை உருவாக்க உதவியதென 1995 இல் அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்.

இதன் விளைவாகப் பிறந்த 1989 டிசெம்பர் சீர்திருத்தச் சட்டம் மோசடித் தடுப்பு வரலாற்றில் முக்கியமானது. புதிய தண்டனைகளிலும் பார்க்க, பகிரங்கத் தன்மையே அதன் உயிர்நாடி எனலாம். உதவி கிடைக்கவிருப்பதையும் தெரிவின் அளவுகோல்களையும் முன்கூட்டியே அறிவித்தல், போட்டி முறையிற் பங்கிடல், தெரிவின் முடிவுகளை வெளியிடல், செல்வாக்குத் தேடுவோர் பெறும் கட்டணங்களை வெளிப்படுத்தல் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 1984 இல் நீக்கப்பட்ட வேலியை வேறு வடிவில் மீண்டும் அடைத்ததே இச்சட்டம். மிதமான புனரமைப்புத் திட்டத்தின் புதிய ஒதுக்கீடுகளைப் புதிய செயலாளர் ஜக் கெம்ப் அதற்கு முன்னரே நிறுத்திவிட்டார்.

அதன்பின் கவனம் மீண்டும் குடியிருப்பாளர் மீது திரும்பியது. கொங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் வாடகை உதவித் திட்டங்களை ஆபத்து மிகுந்த திட்டங்களுள் வைத்தது. 2003 நிதியாண்டில் முறையற்ற கொடுப்பனவுகள் சுமார் 140 கோடி டொலர் எனத் திணைக்களம் மதிப்பிட்டது. இத்தொகை முழுவதும் களவுபோன பணமென்று கொள்வது தவறு. சுமார் 90 கோடி டொலர் மிகையாகக் கொடுக்கப்பட்டது. சுமார் 52 கோடி டொலர் குறைவாகக் கொடுக்கப்பட்டது. குறைவாகக் கொடுக்கப்பட்டதென்றால், அந்தக் குடும்பங்கள் தாம் செலுத்தவேண்டியதிலும் கூடிய வாடகையைச் செலுத்தின என்பதே பொருள். வருமானத்தை மறைத்தவரும் இருந்தனர். கழிவுகளையும் படிகளையும் தவறாகக் கணித்த அலுவலரும் இருந்தனர். விதிகளின் சிக்கல் இரண்டுக்கும் துணைபோயிற்று.

தீர்வாக வந்தது கணனி. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவுகளோடும், புதிதாக வேலையிற் சேர்வோரின் தேசியப் பதிவேட்டோடும் குடியிருப்பாளர் கூறும் வருமானத்தை ஒப்பிடும் முறை உருவாக்கப்பட்டு, 2010 ஜனவரி 31 முதல் எல்லா அதிகாரசபைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கணனி காட்டும் வேறுபாட்டை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு உதவியை வெட்டலாகாது. வேறு வழியில் உறுதிசெய்து, குடியிருப்பாளருக்கு அறிவித்து, மறுத்துரைக்க இடமளித்த பின்னரே நடவடிக்கை எடுக்கலாம் என்னும் பாதுகாப்பும் உடனிருந்தது.

காவலின் மறுபக்கம் 2021 இல் வெளிப்பட்டது. கொரோனா நோய்க்காலத்தில் வாடகை செலுத்த இயலாதோருக்கென 2020 டிசெம்பரில் 2,500 கோடி டொலரும், 2021 மார்ச்சில் மேலும் 2,155 கோடி டொலரும் கொங்கிரஸ் ஒதுக்கியது. ஜூலை முடிவில் அவற்றுள் சுமார் 510 கோடி டொலரே விநியோகிக்கப்பட்டிருந்தது. வேலையிழந்தவரிடம் வருமானச் சான்றும், எழுத்தில் ஒப்பந்தமின்றி வாழ்ந்தவரிடம் ஒப்பந்தப் பத்திரமும் கேட்கப்பட்டன. சொந்தக்காரர் ஒப்பமிட மறுத்தமையாலும் பல விண்ணப்பங்கள் தேங்கின. மோசடி பற்றிய அச்சம், புதிதாய் அமைந்த அலுவலகங்களின் அனுபவக் குறைவோடு சேர்ந்து, பணத்தைத் திறைசேரிகளில் முடக்கியது. விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழியை ஏற்றுக்கொண்டு விரைவாகப் பணம் வழங்குமாறு ஓகஸ்ட் 25 ஆம் திகதி சமஷ்டித் திறைசேரி அழுத்திக் கூறியது. அவ்வாறு தளர்த்தியபின் போலி வாடகை ஒப்பந்தங்களைக் காட்டிப் பணம் பெற்றோர் இருந்தனர் என்பதும், சிலர் மீது பின்னர் வழக்குகள் தொடரப்பட்டன என்பதும் உண்மை. ஆயினும் அத்தளர்வு வந்த நாளையும் கவனித்தல் வேண்டும். மறுநாளே, ஓகஸ்ட் 26 இல், வாடகை செலுத்தாதோரை வெளியேற்றுவதற்கு விதிக்கப்பட்டிருந்த தடையை உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. சான்றுகளோடு வரிசையில் நின்ற குடும்பங்களுட் பல அன்றும் பணத்துக்காகவே காத்திருந்தன.