முப்பது பிராச்சோவுக்கு மேல்: 1420 ஆவணத்தின் இறுதி விதி குறித்து

ஃபுளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்காக 1420இல் எழுதப்பட்ட கட்டுமான விதிகளில் கடைசி விதியே இங்கு நம் வழக்கு. முப்பது பிராச்சோ (ஃபுளோரன்ஸின் அன்றைய முழ அளவு) உயரம் வரை, தாங்குசாரம் (நம் கொத்தனார்களின் சென்ட்ரிங்) இன்றிக் கட்ட வேண்டும். அதற்கு மேல் எப்படிக் கட்டுவதென்பதைக் கட்டும் மேஸ்திரிகளே முடிவு செய்யலாம், அனுபவமே வழிகாட்டும் என்கிறது அது. இதை அறியாமையின் ஒப்புதலாக, சந்தேகப்பட்ட மேற்பார்வையாளர்களுக்குத் தந்த சமாதானமாக வாசிப்பது ஆய்வாளரிடையே நெடுநாள் வழக்கம்.

அந்த வாசிப்பு ஆவணத்தின் இயல்போடு ஒட்டவில்லை. குவிமாடத்தின் இரு ஓடுகளில் உள் ஓட்டின் தடிப்பு அடியில் மூன்றேமுக்கால் பிராச்சோ, உச்சியில் இரண்டரை என்று கால் அளவு பிசகாமல் எழுதியவர்கள், இருபத்துநான்கு விலாக்களையும் எண்ணிச் சொன்னவர்கள், முப்பது என்ற எண்ணை மட்டும் போகிறபோக்கில் எழுதியிருப்பார்களா?

கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்கோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 72 பிராச்சோ. எனில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 78. மூலை வளைவின் ஆரம் அந்த விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு என்பது ஆவணமே தரும் விதி. அதாவது சுமார் 62. வளைவின் மையம் அடிமட்டத்திலேயே இருப்பதால், முப்பது பிராச்சோ உயரத்தில் செங்கல் படுகை உள்நோக்கிச் சாயும் கோணம் ஏறக்குறைய 29 பாகை. உயரத்தைச் செங்குத்தாக அளக்காமல் வளைவின் வழியே அளந்தாலும் ஒரு பாகைதான் குறையும். ஈரச் சாந்தின் மேல் வைத்த கல் தானாக நிற்குமா என்ற ஐயம் உண்மையாகவே எழும் சரிவு இது. இந்த முக்கோணக் கணக்கை அவர்கள் நம்மைப் போலப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மாதிரியைப் பார்த்தே அறிந்திருக்கலாம். ஆனால் எல்லையை அறிந்தே குறித்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. முப்பது வெறும் முழு எண் என்ற மறுப்பு, பக்கத்து விதிகளின் பின்னங்களைப் பார்த்தாலே விழுந்துவிடும்.

பின்னர் நடந்தவையும் இவ்வாசிப்புக்கே துணை. 1420 விதி குவிமாடத்தைச் சுற்றி இறுக்கக் கருவாலி மரச் சங்கிலியைக் கேட்டது. பொருத்தப்பட்டதோ செஸ்ட்நட் மரம். சுமையைக் குறைக்க, 1422இல் கல்லிலிருந்து செங்கலுக்கு மாறும் உயரம் தாழ்த்தப்பட்டது. 1426இன் திருத்தம் தாங்குசாரம் வேண்டாம் என்பதை மீண்டும் உறுதிசெய்தது. 1420இல் பேச்சே இல்லாத மீன்முள் வரிசைச் செங்கற்கட்டு அதில் இடம்பெற்றது. திறந்துவைத்த விதி சும்மா கிடக்கவில்லை, வேலை செய்தது.

குவிமாடத்தை எழுப்பியவராகப் பெயர்பெற்ற புருனெல்லெஸ்கி, முட்டையை நிற்க வைத்துக் காட்டிப் பணியைப் பெற்றதாகக் கலைஞர் வரலாறுகள் எழுதிய வசாரி சொல்லும் கதையை இந்த விவாதத்தில் சேர்ப்பதே வீண். அதைவிடச் சிக்கலானது, மனெட்டி எழுதியதாகக் கருதப்படும் புருனெல்லெஸ்கியின் வாழ்க்கை வரலாறு. அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட அது அறிவு முழுவதையும் புருனெல்லெஸ்கி ஒருவரிடமே குவித்து, உடன் பொறுப்பேற்ற கிபெர்த்தியை வெறும் இடைஞ்சலாக்குகிறது. இறுதி விதியோ முடிவெடுக்கும் உரிமையை மேஸ்திரிகள் என்று பன்மையில் தருகிறது. 1420இல் பொறுப்பேற்றவர்கள் புருனெல்லெஸ்கி, கிபெர்த்தி, பத்திஸ்தா தந்தோனியோ என மூவர். இவர்களில் பத்திஸ்தா கட்டுமானத் தளத்தின் தலைமை மேஸ்திரி. முப்பது என்ற எல்லை யாருடைய கைப்பழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று கேட்டால், முதலில் அவர் பெயரைத்தான் சொல்வேன்.