சிங்கராஜ வனமும் தோட்டத் தொழிலாளரும்: ஒரு சட்டத்தின் இரு விளைவுகள்

தொடர்பறுந்து நிற்கும் வாழிடம் எதனையும் தீவென்றே கொள்வர் உயிரியலாளர். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களிற் பரந்து, தேயிலைத் தோட்டங்களும் கிராமங்களும் சூழ எஞ்சியிருக்கும் சிங்கராஜ வனம் அத்தகையதொரு தீவாகும். அங்குள்ள மர இனங்களுள் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. அதன் கிழக்கே, இறக்குவானை மலைகளிலுள்ள மோர்னிங்சைட் காட்டிற் கொம்பு ஓணான் வகையைச் சேர்ந்த இரு இனங்கள் 1998இலேயே அறிவியலுலகிற்கு அறிமுகமாயின.

இத்தீவு தோன்றியமைக்கான காரணத்தை இயற்கையிலன்றிச் சட்டத்திலேயே தேடவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சேனைப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்ட சிங்களக் கிராமத்தவர் இதனாற் பாதிக்கப்பட்டனர். முடிக்குரியதான காடு கோப்பிக்காக விற்கப்பட்டது. 1869இற் கோப்பியை இலைநோய் தாக்கிய பின்னர் தேயிலை அதனிடத்தைப் பெற்றது. செங்குத்தான சரிவுகளும் கடுமழையும் காத்துநின்ற சிங்கராஜ வனமோ 1875இல் ஒதுக்கக் காடாயிற்று. விற்பதற்கும் ஒதுக்குவதற்கும் அடிப்படையாயமைந்தது முடியின் உடைமை என்ற ஒரே கருத்தாகும்.

அழிக்கப்பட்ட காட்டில் நடுகைக்கும் பறிப்புக்கும் தென்னிந்தியத் தொழிலாளர் கொணரப்பட்டனர். நிலத்தைப் பண்படுத்திய அவர்களுக்கு நிலவுரிமை கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

சுதந்திர அரசும் காட்டை வருவாயாகவே முதலில் நோக்கியது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜவில் இயந்திரங்களைக் கொண்டு மரந்தறிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பின் பயனாக 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டிலேயாம். எஞ்சியோருக்காக 2003இல் மற்றுமொரு சட்டம் தேவைப்பட்டது.

காட்டின் பாதுகாப்பைத் தொழிலாளரின் உரிமைக்கு எதிராக நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. துண்டுபட்ட காடும் நிலமற்ற தொழிலாளரும் ஒரே உடைமை முறையின் விளைவுகளேயாவர். இன்று அக்காட்டுத் துண்டுகளை மீண்டும் இணைக்க முயல்வோர் இடைப்பட்ட தோட்ட நிலங்களினூடாகவே அதனைச் செய்தல் வேண்டும். அந்நிலங்களில் தலைமுறைகளாக வாழ்வோருட் பலருக்குத் தாம் குடியிருக்கும் லயன் அறைக்கேனும் காணி உறுதி கிடையாது. அவர்களைப் பங்காளராகக் கொள்ளாத எத்திட்டமும் 1840ஆம் ஆண்டின் தவற்றையே பசுமையின் பெயரால் மீளச் செய்வதாக முடியும்.