வண்டி எங்கே நிற்கிறது?

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் நின்று எத்திசை நோக்கி நடப்பினும் விரைவில் கடல் எதிர்ப்படும். அத்தகைய ஊரில் வாணிகம் செய்யப் புறப்பட்டவர், பாலம் வருவதற்கு முன், தம் பொருளைக் கடலிடமே முதலில் ஒப்படைத்தனர். முதல் இட்டவர் கரையில் நிற்பார். பொருளைச் சுமந்த தோணியோ கண்ணுக்கு மறைந்துவிடும். அது இப்பொழுது எவ்விடத்தில் நிற்கிறது என்னும் வினா அன்றே பிறந்தது. இன்று லொறிகளிலும் பஸ்களிலும் பொருத்தப்படும் ரெலிமற்றிக்ஸ் கருவி அவ்வினாவுக்கு அண்மையில் கிடைத்த விடையேயாகும்.

அயலிலுள்ள ஊர்காவற்றுறை, பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்குச் சென்று மீண்ட துறைமுகம். கலம் கரையை விட்டு நீங்கியபின் அதன் அதிகாரி தண்டையல் ஒருவரே. சோளகம் மாறியதா, வாடை பிந்தியதா, பாயைச் சுருட்டி எங்கே ஒதுங்கி நின்றார் என்பனவெல்லாம் அவர் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. உரிமையாளர் வைத்திருந்த ஒரே கணக்கேடு அவர்மீது கொண்ட நம்பிக்கை. கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்தி வந்தது. கப்பல் துறையை அடைந்த செய்தியைத் தந்தி சொல்லும். நடுக்கடலில் நிகழ்வதை அதனாலும் சொல்ல முடியவில்லை.

தரையிலும் நிலைமை வேறன்று. தனியார் கம்பனிகளின் பஸ்கள் பயணிகளுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடிய காலம் முடிந்து, 1958 ஜனவரி 1ஆம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொழிற்படத் தொடங்கியது. பெருந்தொகையான வண்டிகளை ஒரே ஆட்சியின்கீழ் நடத்தும் பொறுப்பு நாட்டுக்குப் புதிது. நேரக்காப்பாளரின் கடிகாரமும், நடத்துநரின் சீட்டுக் கணக்கும், டிப்போவின் பதிவேடுமே அதற்குக் கருவிகள். புறப்பட்ட நேரம் ஏட்டில் இருக்கும். சேர்ந்த நேரமும் இருக்கும். இடைவழியைப் பற்றி ஏடு மௌனம் சாதிக்கும்.

அந்த மௌனத்தின் கொடுமை 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு பாக்கு நீரிணையின் மறுகரையில் வெளிப்பட்டது. வட இலங்கையையும் தாக்கிய அப்பெரும்புயலில், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை அணுகியபோது கைகாட்டி விளக்கு எரியவில்லை. சற்றுத் தாமதித்த பின் வண்டி முன்னே செலுத்தப்பட்டது. கடல் பொங்கி வந்து அதனை விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தமையால் அச்செய்தி வெளியுலகை உடனே எட்டவில்லை. ஒரு ரயில் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. அதை அறிய வேண்டியவர்கள் அறியாமலே இருந்தனர்.

பிரெஞ்சு நாட்டின் சிமோன் நோரா, அலென் மிங் என்னும் இருவர் 1978இல் தம் அரசுக்கு அளித்த அறிக்கையில், தொலைத்தொடர்பும் கணினியும் ஒன்றுகூடுவதைக் குறிக்க ஒரு புதுச்சொல்லை ஆக்கினர். ரெலிமற்றிக்ஸ் என்பது அதன் வழிவந்ததே. ஜி.பி.எஸ். தொகுதியின் முதற் செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியதும் அதே ஆண்டில்தான். பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டபின், வண்டியின் இடத்தைச் சில மீற்றருக்குள் அறிவது எளிதாயிற்று.

செயற்கைக்கோள் மேலிருந்து லொறியைப் பார்க்கிறது என்று பலர் எண்ணுவர். அஃது எதையும் பார்ப்பதில்லை. தன் நேரத்தையும் நிலையையும் அறிவித்துக்கொண்டே செல்கிறது. நான்கு கோள்களின் குறிகளேனும் கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு லொறியிலுள்ள கருவியே தன் இடத்தைக் கணித்துவிடும். பின்னர் வேகம், எஞ்சின் ஓடிய நேரம், எரிபொருள் ஆகிய விவரங்களையும் சேர்த்துக் கைப்பேசி வலையமைப்பின் வழியே முதலாளிக்கு அனுப்பும்.

கடலில் இக்கண்காணிப்பின் வலிமையை இலங்கை அனுபவித்தே அறிந்தது. ஆழ்கடல் மீன்பிடியைச் சரிவரக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீன்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதன்பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆழ்கடற் படகுகளில் செயற்கைக்கோள் வழி இடமறிவிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூனில் தடை நீங்கியது. தண்டையல் திரும்பி வந்து சொன்ன காலம் போய், படகே சொல்லும் காலம் வந்தது.

ஆயினும் தண்டையல் காரணத்தையும் சேர்த்தே சொன்னார். கருவிக்கு அது கைவராது. சாரதி சடுதியாகப் பிறேக் அழுத்தினார் என்று அது குறித்துக்கொள்ளும். குறுக்கே ஓடிய சிறுவனைக் குறித்துக்கொள்ளாது. அக்கணக்கைக் கொண்டு ஒருவரின் சம்பளத்தில் கைவைக்கும் முதலாளி, அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்பதே முறை. நெடுந்தீவுக்குரிய சரக்குடன் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்த லொறியை எடுத்துக்கொள்வோம். கடல் கொந்தளிப்பதால் படகு புறப்படவில்லை. முதலாளியின் திரையிலோ லொறி நெடுநேரமாக வீணே நிற்கிறது. சாரதி மூட்டைகளின்மேல் படங்கை இழுத்துக் கட்டிவிட்டுக் காற்று அடங்குவதைப் பார்த்திருக்கிறார்.