பெயர் எண்ணாகிய பேராசிரியர்

ஓர் ஆராய்ச்சியாளருடைய உழைப்பை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் மேற்கோளாகச் சுட்டியது எத்தனை தடவை என்று நாம் இன்று எண்ணிப் பார்க்கிறோம். இதற்கு வழி வகுத்தவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு. 1955ஆம் ஆண்டில் அவர் தம் திட்டத்தை எழுதினார்; 1964ஆம் ஆண்டில் அவருடைய விஞ்ஞான மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவரலாயிற்று. 2005ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர், இவ்விரு கணக்குகளையும் ஒரே எண்ணில் அடக்கினார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது தடவைக்குக் குறையாமல் சுட்டப்பெற்றிருந்தால் அவருடைய எண் இருபது. நம் நாட்டில் 2016 முதல் வெளிவரும் உயர்கல்வி நிறுவனங்களின் தரவரிசையிலும் கட்டுரைகளும் மேற்கோள்களும் கணக்கில் சேர்கின்றன.

இக்கணக்குத் தோன்றாத காலத்தில் வாழ்ந்த இயந்திரப் பொறியியற் பேராசிரியர் ஒருவரை இதனால் அளந்து பார்ப்போம். அவர் பெயர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். 1842இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். இயந்திரப் பட்டறையில் தொழில் பழகிய பின்னரே கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். 1868இல் மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியற் பேராசிரியராக அமர்ந்து, 1905 வரை அங்கேயே பணியாற்றினார்.

குழாயில் ஓடும் நீர் சில வேளை அமைதியாகவும், சில வேளை சுழித்துக் கலங்கியும் ஓடுவது ஏன் என்ற வினா அவரை ஈர்த்தது. கண்ணாடிப் பக்கங்கள் உடைய தொட்டியில் நீர் நிரப்பி, அதனுள் ஒரு கண்ணாடிக் குழாயைக் கிடத்தினார். குழாயின் விரிந்த வாயில் மெல்லிய சாயநீர்த் தாரையை விட்டார். வேகம் குறைவாயிருந்தபோது சாயம் இழுத்துக் கட்டிய நூல்போல் நேரே சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவே, ஒரு கட்டத்தில் அந்நூல் திடீரெனக் குலைந்து நீர் முழுவதிலும் கலந்தது. நீரின் அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம் ஆகியவற்றைப் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் வரும் எண்ணே இந்த மாறுதலை ஆள்கிறது என்று அவர் கண்டார். இத்தகைய விகிதத்தை ஸ்டோக்ஸ் 1851இலேயே அறிந்திருந்தார். ஓட்டத்தின் இயல்பு மாறுவதற்கு அதுவே அளவுகோல் என நிறுவியவர் ரெனால்ட்ஸ். அந்த எண் ஏறக்குறைய 2000க்குக் கீழே இருப்பின், குழாயினுள் எழும் குழப்பம் தானே அடங்கிவிடும். இந்த ஆராய்ச்சி 1883இல் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

அதே 1883ஆம் ஆண்டில் பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர், சுழலும் அச்சைத் தாங்கும் தாங்கியில் ஒரு புதுமையைக் கண்டார். தாங்கியின் மேற்புறத் துளையில் அவர் அடைத்த மரத்தக்கையை உள்ளிருந்த எண்ணெய் வெளியே தள்ளிற்று. அச்சு சுழலும்போது எண்ணெய்ப் படலத்தில் எழும் அழுத்தமே சுமையைத் தாங்குகிறது என்பதை 1886இல் ரெனால்ட்ஸ் கணித வழியில் விளக்கினார். தாங்கிகளை வடிவமைப்போர்க்கு அந்தச் சமன்பாடே இன்றும் அடிப்படை.

கலங்கிய ஓட்டத்தின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1895இல் வெளிவந்தது. அதனை மதிப்பிட்ட ஸ்டோக்ஸும் லாம்பும் பெருமேதைகள். அவர்களுக்கே அது எளிதில் விளங்கவில்லை. ஆயினும் கட்டுரை அச்சேறியது. இன்று விமானத்தையும் விசையாழியையும் கணிப்பொறியில் ஆராய்வோர் பெரும்பாலும் அதில் அவர் காட்டிய சராசரி முறையையே கையாள்கின்றனர்.

1908இல் ரோம் நகரில் கூடிய கணித மாநாட்டில் ஸோமர்ஃபெல்டு என்ற ஜெர்மானிய அறிஞர், அந்த எண்ணுக்கு ரெனால்ட்ஸின் பெயரைச் சூட்டினார். கட்டுரை வெளிவந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1912இல், ரெனால்ட்ஸ் மறைந்தார்.

இங்கேதான் நம் கணக்கு தடுமாறுகிறது. ரெனால்ட்ஸ் எண் இல்லாமல் குழாய்களைப் பற்றியோ விமான இறக்கையைப் பற்றியோ பாடம் நடத்த இயலாது. ஆனால் அந்த எண்ணைப் பயன்படுத்துவோருள் 1883ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் சிலரே. கருத்துப் பொதுச்சொத்தாகிவிட்டால் மூலத்தைச் சுட்டும் வழக்கம் மறைந்துவிடுகிறது என்பதைச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துரைத்தார். ஊருக்கெல்லாம் நீர் தரும் ஊருணியை வெட்டியவர் யாரென்று குடத்தோடு வருபவர் கேட்பதில்லை அல்லவா?

ஆகவே மேற்கோள் கணக்கு பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. யாருடைய ஆராய்ச்சி யாருக்கு உதவிற்று என்பதை அறிய அது நல்ல வழிகாட்டி. கார்ஃபீல்டின் முதல் நோக்கமும் கட்டுரைகளைத் தேடுவோர்க்கு உதவுவதே. ஆனால் வழிகாட்டியை நீதிபதியாக்கினால் தீங்கு நேரும். புதுத்துறையில் இறங்கும் இளைஞரின் கட்டுரையைப் பின்பற்ற முதலில் பலர் இரார். சில ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து அவருக்குப் பதவியை மறுத்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று, நாட்டுக்கும்தான்.

ரெனால்ட்ஸை ராயல் சங்கம் 1877இல் உறுப்பினராக ஏற்றது. 1888இல் பதக்கம் அளித்தது. அன்று மேற்கோள் அட்டவணை ஏதும் இல்லை. அவருடைய கட்டுரைகளை அறிஞர்கள் படித்தார்கள்; விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். இன்று தேர்வுக் குழுக்களில் அமர்வோரும் எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், எதிரே இருக்கும் கட்டுரையையும் ஒரு முறை பிரித்துப் படிப்பார்களாக.