கண்ணாடி வீட்டுக்குள் வெக்கை

2022 யூலை 19 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் வெப்பமானி 40.3 பாகை செல்சியசைக் காட்டியது. அதுவரை இந்த நாட்டில் பதிவாகாத வெக்கை. எம்மவர் பலரின் பின்வளவில் கறிவேப்பிலையும் கத்தரியும் நிற்கும் சிறிய கண்ணாடி வீடுகளுக்குள் அன்று எப்படி இருந்திருக்கும்? குளிருக்குப் பயந்து கட்டிய வீடே கோடையில் செடியை அவித்துவிடும். இந்தச் சிக்கலுக்கு ஏறத்தாழ இருநூறு வருட வரலாறு உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியச் செல்வந்தர்கள் வெப்ப நாடுகளிலிருந்து ஓர்க்கிட் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்து குவித்தார்கள். வெப்ப நாட்டுச் செடிக்கு வெப்பந்தான் வேண்டும் என்று எண்ணி, அடுப்பெரித்து, காற்றோட்டமில்லாத கண்ணாடி அறைகளில் அடைத்து வைத்தார்கள். பெருந்தொகையானவை செத்துப்போயின. அவற்றில் பல, குளிர்ந்த மலைக்காடுகளில் வளர்ந்தவை. வந்த நாட்டின் பெயரை மட்டும் கேட்டு முடிவுகட்டும் பழக்கம் செடிகளையும் விட்டுவைக்கவில்லை!

டார்பிஷயரில் சற்ஸ்வேத் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் யோசப் பக்ஸ்ரன் 1830களில் வேறு வழியில் போனார். சூட்டைக் குறைத்தார். காற்றோட விட்டார். நிலத்தை ஈரமாக வைத்தார். செடிகளும் பிழைத்தன. 1851இல் இலண்டன் ஹைட் பார்க்கில் அவர் எழுப்பிய கிறிஸ்ரல் பலஸ் மாளிகையிலும் அதே அறிவுதான். சுவர்களில் திறந்து மூடக்கூடிய காற்றுத் தட்டிகள். கூரைக்கு வெளிப்புறமாக விரித்த துணி. கியூ பூங்காவினரோ 1848இல் முடிந்த தமது பனை மாளிகைக்கு, வெயிலைத் தணிக்கப் பச்சை நிறக் கண்ணாடி போட்டார்கள். ஆனால் வெளிச்சமும் குறைந்ததால் பிற்காலத்தில் அதைக் கைவிட்டார்கள்.

காற்றோட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் றொபேட் வூட் எளிய முறையில் காட்டினார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும் மற்றதை இந்துப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுக்கும். இந்துப்பு வெளியே விட்டுவிடும். இருந்தும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, 55 பாகை வரை சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதுதான் முக்கிய காரணம் என்பது தெளிவானது.

ஆகவே கதவைத் திறந்தால் மட்டும் போதாது. கூரையில் வழி வேண்டும். நிலப்பரப்பின் 20 வீதம் அளவுக்குக் கூரை யன்னல் இருப்பது நல்லது என்கிறார்கள். சூட்டில் மெழுகு விரிந்து தானாகவே யன்னலைத் திறக்கும் கருவியும் கிடைக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நிழல்துணியை வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின்தான் தடுக்கப்படும். ஊரில் நாற்றுமேடைக்கு மேலே கிடுகு போட்டவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலையில் நிலத்தில் தண்ணீர் தெளித்தால் அது ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொள்ளும்.

கறிவேப்பிலைச் சாடியை நல்ல கோடையில் வெளியிலேயே வைக்கலாம். இரவுக் குளிர் 10 பாகையை நெருங்கும்போது மறவாமல் உள்ளே எடுத்துவிடுங்கள்.