பல்லற்ற தாடையும் ஒளியச்சும்

செயற்கைப் பல்லின் அண்மைக்கால வரலாறு இரு வேறு முனைகளிலிருந்து தொடங்கியது. சுவீடனின் கோதன்பேர்க் நகரில், 1965 ஆம் ஆண்டு, பேராசிரியர் பிரானெமார்க் பல்லற்ற தாடையொன்றில் தைற்றேனிய ஊன்றுகளைப் பதித்தார். எலும்பு அவற்றை இறுகப் பற்றிக்கொண்டது. பிரான்சில் 1973 இல் பிரான்சுவா துரே, பசைப்பொருளுக்குப் பதிலாக ஒளியால் அச்செடுக்கும் எண்ணத்தைத் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். 1985 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மனும் பிராண்டெஸ்தினியும் உருவாக்கிய கருவி நோயாளிக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. ஆயின், அது நோக்கியது தனிப் பல்லொன்றையே.

தனிப் பல்லில் வென்ற ஒளியச்சு பல்லற்ற வாயில் தடுமாறியது ஏன்? வாயினுள் செல்லும் வருடி பல சிறு படங்களை எடுத்து, அவற்றிற் பொதுவாயுள்ள அடையாளங்களைக் கொண்டே ஒன்றோடொன்று பொருத்துகின்றது. வழுவழுப்பான முரசில் அத்தகு அடையாளங்கள் அரிது. ஒவ்வொரு பொருத்திலும் நேரும் சிறு வழு, தாடையின் மறுகோடியை எட்டுகையில் பெருகிவிடுகின்றது. இயற்கைப் பல் தன் வேர்ச்சவ்வினால் சற்றே நெகிழும். எலும்போடிணைந்த ஊன்றோ அவ்வாறு நெகிழாது. ஆதலின், கண்ணுக்குப் புலப்படாப் பிழையும் காலப்போக்கில் திருகாணியைத் தளர்த்தவோ சட்டகத்தை முறிக்கவோ கூடும். ஊன்றுகளின் நிலையை வாய்க்கு வெளியிலிருந்து அளக்கும் ஒளிப்பட அளவியல் இன்று இக்குறையை நீக்க உதவுகின்றது.

பல்லனைத்தும் இழந்தோர்க்கென ஊன்றுமுறை பிறந்தது. ஒளியச்சோ அவர்களை இறுதியாகவே அடைந்தது. கருவியொன்றின் துல்லியத்தை, அதற்கு எளிதான இடத்திலன்றி, தேவை மிகுந்த இடத்திலேயே அளத்தல் வேண்டும்.